ஏழாவது விதி

பூந்தமல்லி,
17-1-2024

அன்புள்ள நஜீர் அண்ணனுக்குத் தங்கை வஹீதுன்னிசாவின் ஸலாம்.

நீங்களும் ஃபஸீலா அண்ணியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். புதுக் காது மெஷின் எப்படி இருக்கிறது? போன தடவை போனில் நான் ‘சளி’ என்றதை ‘வலி’ என்று எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பவே பார்த்தீர்கள். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. எனக்கும் அதுதான் சௌகரியம்.

இங்கே மார்க்கெட்டில் ஒரு அடிதடி. நம் வரிசையின் முனையில் தேங்காய் போட்டிருந்த நடேசன் போன கார்த்திகையில் தவறிவிட்டார். ‘அந்த இடம் எனக்குத்தான்’ என்று அவருடைய மகன்கள் இருவரும் மோதிக்கொண்டதில் சின்னவன் தேவாவுக்கு மண்டையில் தையல். போலீஸ்காரர் வந்து, “உங்க சங்கத்துல இதுக்கு இன்னா ரூல்ஸ் கீது, எடு பாப்போம்” என்று கேட்டிருக்கிறார். தலைவர் ஜம்புலிங்கத்திடம் எடுத்துக் காட்ட ஒரு தாளும் இல்லை. யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் இத்தனை வருஷமாக வாய்ப்பேச்சாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று அவர் நம் பட்டை கிராம்புக் கடைக்கே வந்துவிட்டார். “உங்க அண்ணாத்தே கோர்ட்டுல சட்டத்தை எல்லாம் தமிழ்ல எழுதிக்கினு இருந்தவராச்சேம்மா. நம்ம வழக்கத்தை எல்லாம் ரூல்ஸா எழுதிக் குடுக்கச் சொல்லு” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உங்களால் முடிந்தால் செய்யுங்கள்.

ரூஹிக்கு இது கல்லூரியில் கடைசி வருஷம். நசரத்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பமாகத் தெரிகிறது. அவளுடைய அத்தா, உங்கள் மச்சான், வெளியூர் வேலையில் இருக்கிறார். சுகம்தான்.

அண்ணிக்கு என் ஸலாம்.
வஹீதா


திருச்சி,
29-1-2024

அன்புத் தங்கை வஹீதாவுக்கு வ அலைக்கும் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் நலம். மெஷின் காதில் இருக்கும்போது எதிர்வீட்டு மிக்ஸி நன்றாகக் கேட்கிறது. உன் அண்ணி பேசுவது மட்டும் கேட்பதில்லை. அவள் அதை நம்ப மறுக்கிறாள்.

உன் கடிதம் எனக்குப் பத்து வயதைக் குறைத்துவிட்டது. ஜம்புலிங்கம் கேட்கிற காரியத்துக்கு ஆங்கிலத்தில் ‘கோடிஃபிகேஷன்’ என்று பெயர். வேலையில் சேர்ந்த புதிதில் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடித் திண்டாடினேன். ‘தொகுப்பு’ என்றால் போதவில்லை, பூவையும்தான் தொகுக்கிறோம். ‘சட்டமாக்கல்’ என்றால் இல்லாததைப் புதிதாகச் செய்வதுபோல் தொனிக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் வழக்கங்களைத் திரட்டி, ஒன்றோடொன்று முட்டுவதை நீக்கி, இடையில் இருக்கும் ஓட்டைகளை அடைத்து, எண் போட்டு எழுதுவதுதான் அது. கடைசியில் ‘நெறித்தொகுப்பு’ என்று போட்டேன். மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

ஜம்புலிங்கத்திடம் கேட்டு எழுது. வியாபாரி இறந்தால் இடம் யாருக்கு? இரண்டு பிள்ளைகள் இருந்தால்? படுத்த படுக்கையாகிவிட்டால்? இடத்தை இன்னொருவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டால்? ஓர் ஓட்டைகூட மிஞ்சக் கூடாது. அதன் வழியாகத்தான் நாளைக்கு மறுபடியும் மண்டை உடையும்.

இத்தனை வருஷம் அங்கே கடை நடத்திய மஸூத் மச்சானைக் கேட்டாலே பாதிக்கு விடை கிடைக்கும். அவர் எந்த ஊரில் வேலையாக இருக்கிறார்? விலாசம் அனுப்பு, நானே எழுதுகிறேன்.

ரூஹிக்கு மாமாவின் துஆ.
நஜீர்


பூந்தமல்லி,
20-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

இங்கே நலம். வெயில் இப்போதே தகரத்தைச் சுட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் கேள்விகளை ஜம்புலிங்கத்திடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். “இன்னாம்மா கேள்வி இது? யாரு கடை எதுன்னு யாருக்குத் தெரியாது? செத்தா ஊட்டுல யாரு வந்து உக்கார்றாங்களோ அவங்க கடை. அவ்ளோதான்” என்றார். ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தால் என்று கேட்டேன். “அப்போ நான் போயி, ஒருத்தனை எழுப்பி உட்டுருவேன்” என்றார். தேவா விஷயத்தில் ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் யாரும் பேச்சைக் கேட்பதில்லை என்று முகம் வாடிவிட்டது.

வாடகைக்கு விடுவது உண்டு. அது தப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மற்றபடி எதையும் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. கீரை விற்கும் நாகம்மாள் உட்கார்ந்திருப்பது அவளுடைய அண்ணன் இடம். எப்படி வந்தது என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இதையெல்லாம் எப்படி எழுதுவீர்களோ.

ரூஹியின் அத்தாவைக் கேட்க இன்னும் தோது வரவில்லை.

நசரத்பேட்டைக்காரர்கள் வந்து ரூஹியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?
வஹீதா


திருச்சி,
11-3-2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். நாளை முதல் நோன்பு. உங்கள் இருவருக்கும் நல்லபடியாக நிறைவேறட்டும்.

இத்துடன் நெறித்தொகுப்பு. மொத்தம் பதினான்கு விதிகள். ஆறாவது விதிப்படி, வியாபாரி இறந்தால் இடம் மனைவிக்கு. அவருக்குப் பின் பிள்ளைகளில் சங்கம் ஏற்கும் ஒருவருக்கு. விதவை ஒருத்தியும் தெருவில் நிற்கக் கூடாது என்று இதை உறுதியாக எழுதினேன்.

ஏழாவது, வாடகைக்கு விடுகிறவர்களுக்கானது. ‘இடத்துக்குரியவர் உயிருடன் இருந்தும் ஓராண்டு காலம் நேரில் வந்து வியாபாரம் செய்யாவிட்டால், அவருடைய இடம் சங்கத்தைச் சேரும்.’ யாராவது உட்கார்ந்துகொண்டு ‘நான் அவருக்கு உறவு’ என்று சொன்னால் போயிற்று என்று இருக்கக் கூடாது அல்லவா? நோயாளிக்கு மட்டும் விலக்கு. இந்த ஒரு வாக்கியத்துக்காக நான்கு நாள் உட்கார்ந்தேன். ஒரு சொல்லை உருவ முடியாது.

இரண்டு பேரிடமாவது படித்துக் காட்டிவிட்டுக் கொடு. உனக்குப் படும் குறையையும் சொல். மஸூத் மச்சானிடமிருந்து ஒரு வரி வந்தால் சந்தோஷப்படுவேன். முன்பெல்லாம் பெருநாளுக்குத் தவறாமல் போன் செய்வார்.

துஆவுடன்,
நஜீர்


பூந்தமல்லி,
30-4-2024

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. நீங்கள் அனுப்பிய புடவை ரூஹிக்கு எடுப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விதிகள் எல்லாவற்றையும் ஜம்புலிங்கம் சத்தமாகப் படித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி போயிருக்கிறது. உங்கள் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வஹீதா


திருச்சி,
20-5-2024

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

உன் கடிதம் நாலு வரியில் முடிந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? உன் அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “எழுத்து வஹீதாவோடதுதான், கடிதம் அவளோடதில்லை” என்கிறாள்.

மஸூத் மச்சானின் பழைய நம்பருக்குப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பேசச் சொன்னேன். அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறதாம். புது நம்பர் அனுப்பு.

பதிலை எதிர்பார்க்கிறேன்.
நஜீர்


பூந்தமல்லி,
20-6-2024

அன்புள்ள மாமாவுக்கு ரூஹியின் ஸலாம்.

நீங்களும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் வருத்தப்படுவாள். கோபப்பட்டால்கூடத் தேவலை.

மாமா, அத்தா வெளியூர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் வேறு ஒரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறார். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவர் போன மறுநாளே கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நசரத்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் தெரியாது.

பக்ரீத் முடிந்த மறுநாள் ஜம்புலிங்கம் தாத்தா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழாவது விதியின்படி மஸூத் என்பவர் ஆவணி முடிவதற்குள் கடைக்கு நேரில் வர வேண்டும், இல்லையென்றால் இடம் தேங்காய்க் கடை தேவாவுக்குப் போகும் என்று இருந்தது. பெரியவனுக்கு அப்பா இடம், சின்னவனுக்கு எங்கள் இடம் என்று சண்டையைத் தீர்த்துவிட்டார்களாம்.

தாத்தா அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. “நான் இன்னாம்மா பண்றது. எழுதுனது உங்க அண்ணாத்தே. ஸ்டேஷன்ல காப்பி கீது. தேவா தினம் வந்து ஏழாவது ரூல் இன்னா சொல்லுதுன்னு கேக்குறான்” என்றார். நாகம்மாள் ஆயாவுக்கும் அதேபோல் ஒன்று கொடுத்தார்.

அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நிறுத்து வைத்திருந்த சோம்பைப் பொட்டலம் கட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், “மாமாவுக்குத் தெரிய வேணாம். அவரு நல்ல மனசோடதான் எழுதுனாரு” என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

எனக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை மாமா.
ரூஹி


திருச்சி,
2-7-2024

அன்புத் தங்கை வஹீதாவுக்கு ஸலாம்.

உன் உடல்நலம் எப்படி என்று கேட்கவே கூசுகிறது. ரூஹி எழுதினாள். அவளைக் கடிந்துகொள்ளாதே.

அந்த ஏழாவது வாக்கியத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லை உருவ முடியாது என்று உனக்கு எழுதியிருந்தேன். இன்றைக்கு உருவப் பார்க்கிறேன், வரவில்லை.

ஜம்புலிங்கத்துக்கு உடனே ஒரு திருத்தம் அனுப்பினேன். ‘தினமும் உட்கார்ந்து வியாபாரம் செய்பவரே இடத்துக்குரியவர்’ என்று சுருக்கமாக இருந்தது. அதில் யார் கணவன், எங்கே போனான் என்ற பேச்சே வராது. அவர் மறுத்துவிட்டார். கூலிக்கு இருக்கும் ஆளும் வாடகைக்காரனும் நாளைக்கே உரிமை கேட்பார்கள் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

மிஞ்சுவது இரண்டு வழி. மஸூதிடம் போய், ‘நான் விலகிப் போய்விட்டேன், இடம் என் மனைவிக்கு’ என்று எழுதி வாங்குவது ஒன்று. இல்லையென்றால், விட்டுச் செல்லப்பட்ட பெண்களுக்கு என்று ஏழாவதில் ஓர் உட்பிரிவு சேர்க்க வேண்டும். இரண்டாவதற்கு உன் நிலைமையை எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாத ஒன்றுக்கு விதியில் இடம் கிடையாது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை வஹீதா? சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியே இருக்க மாட்டேனே.

நஜீர்


பூந்தமல்லி,
28-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி ரூஹிக்கு போன் செய்தார்களாம். சாப்பிடுங்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். உங்களிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. யாரிடமும் சொல்லாதவரைக்கும், அவர் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வரலாம் என்று இருந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் வர முடியாது அல்லவா. இந்த இரண்டு வருஷத்தில் அந்த ஆசையும் தேய்ந்துவிட்டது. சொல்லாத பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

போன வாரம் அயனம்பாக்கம் போனேன். ரூஹியைக் கூட்டிப் போகவில்லை. ஏரிக்கரையில் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்லி ஆள் விட்டேன். வந்தார். இளைத்திருந்தார். ரூஹி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வரன் வந்திருப்பதைச் சொன்னேன். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

நீங்கள் சொன்ன வரியைக் குறித்த தாளை நீட்டினேன். படித்தார். “விட்டுட்டுப் போனேன்னு என் கையால எழுதச் சொல்றியா?” என்றார்.

“கடைக்காகத்தான் கேக்குறேன்” என்றேன்.

“நாளைக்கு இதைப் பள்ளிவாசல் ஜமாஅத்துல காட்டுவே.”

“காட்ட மாட்டேன்.”

“எழுதுனா எழுதுனதுதான் வஹீதா. நான் ஊட்டுக்கு வரலை, அவ்ளோதான். விட்டுட்டேன்னு எப்போ சொன்னேன்?”

அவருக்கும் அந்தச் சொல் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இரண்டு பேரும் அதைத் தொடாமலே டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

திரும்பி வந்ததும் ஜம்புலிங்கம் தனியாகக் கூப்பிட்டார். “ஆவணி முடியட்டும். தேவாவுக்கு வேற எடம் பாக்குறேன். நீ பாட்டுக்கு உக்காந்துக்கோ, எழுத்துல எதுவும் வேணாம்” என்றார். நல்ல மனிதர்தான். நாகம்மாளுக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முன்பும் எழுத்தில் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன், அண்ணே. அப்போது யாருடைய தயவும் எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது அவர் முகம் பார்த்து உட்கார வேண்டும். அவருக்குப் பிறகு வருகிறவர் முகத்தையும்.

உட்பிரிவை எழுதி அனுப்புங்கள். நாகம்மாளும் அதற்குள் வர வேண்டும்.

வஹீதா


திருச்சி,
9-8-2024

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. ‘7(அ): இடத்துக்குரியவர் குடும்பத்தை விட்டுச் சென்றிருப்பின், அந்த இடத்தில் தொடர்ந்து வியாபாரம் செய்துவரும் அவருடைய மனைவி, மகள் அல்லது சகோதரிக்கு அந்த இடம் உரியது.’ ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை.

ஜம்புலிங்கம் இதற்குச் சான்று கேட்கிறார். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று தேவாவின் ஆட்கள் கிளப்புவார்களாம். மஸூத் எழுதித் தர மறுத்துவிட்டதால் வேறு வழி தெரியாமல், ‘சம்பந்தப்பட்ட பெண் பொதுக்குழுவில் தன் வாயால் அறிவிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ரூஹியின் வரனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளைக் கேட்டுக்கொள். நான் கூட்டத்துக்கு வரட்டுமா?

நஜீர்


பூந்தமல்லி,
6-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். இங்கே மழை தொடங்கிவிட்டது. உங்களுக்கு அங்கே எப்படி? நீங்கள் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று ரூஹியை விட்டு போன் செய்யச் சொன்னது நான்தான். நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் என்னால் பேசியிருக்க முடியாது.

ஆவணிக் கடைசியில் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஜம்புலிங்கம் 7(அ)வைப் படித்துவிட்டு, “இதுல வர்றவங்க சொல்லலாம்” என்றார். எழுந்தேன். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்.

“என் ஊட்டுக்காரரு மஸூத் வெளியூர்ல இல்ல. என்னையும் பொண்ணையும் விட்டுட்டுப் போயிட்டாரு. அப்போலேர்ந்து கடை பாத்துக்கினு கீறது நான்தான்” என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. பத்தொன்பது வயதில் நிக்காஹ் அன்று சம்மதம் கேட்டபோதுகூட நான் இவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. பின்வரிசையில் யாரோ, “இது தெரிஞ்ச கதைதானே” என்றார்கள். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

தேவா எழுந்தான். “அக்காவைக் குத்தம் சொல்லலை. ஆனா அந்த எடம் எனக்குன்னு எழுத்துல காட்டுனீங்களே. இப்போ நான் எங்க போறது?” என்று கேட்டான். தையல் போட்ட இடத்தில் அவனுக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. பிறகு நாகம்மாள் எழுந்து, “எங்க அண்ணனும் அப்படித்தான். உசுரோட கீறானான்னுகூடத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். கொஞ்சம் பேர் அதிகமாகத் தூக்கியதால் விதி நிறைவேறியது.

நசரத்பேட்டைக்காரர்களுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். “வேணாம்னு சொல்லலை. கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கூட்டத்துக்குப் போகும் முன்பே ரூஹியைக் கேட்டேன். “சொல்லும்மா” என்றுதான் சொன்னாள். இப்போதும் ஒரு குறையும் சொல்வதில்லை. கல்லூரி முடிந்து அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். வந்ததும் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

இடம் என் பெயருக்கு வந்துவிட்டது. சங்கத்தில் கொடுத்த அட்டையில் என் பெயருக்குக் கீழே 7(அ) என்று போட்டிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், “இதை ஏழு-அ கடையில எறக்கு” என்கிறார்கள். அவர்கள் கேலி செய்யவில்லை. அடையாளத்துக்குத்தான் சொல்கிறார்கள். முன்பு மஸூத் பாய் கடை என்பார்கள்.

நேற்று வாழை இலை விற்கும் பஞ்சவர்ணம் வந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சொந்த ஊரில் பயிர் வைக்கப் போயிருக்கிறார் என்று அவள் சொல்வாள்; நாங்களும் அப்படியே நம்பியிருந்தோம். ஐம்பது கிராம் ஏலக்காய் கேட்டாள். நிறுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். கூட்டம் விலகியதும் குனிந்து, “அக்கா, அந்த ஏழு-அ-வுல வரணும்னா சபையில சொல்லியே ஆவணுமா?” என்று கேட்டாள்.

அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மழை விடும்வரை உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணே, வாயால் அறிவிக்க வேண்டும் என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா? அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம் என்று யோசித்துச் சொல்லுங்கள். தை மாதக் கூட்டத்துக்குள் வந்தால் போதும். அதுவரைக்கும் இலைக் கடைப் பக்கம் யாரும் நோட்டீஸோடு போகாமல் நானும் நாகம்மாளும் பார்த்துக்கொள்கிறோம்.

மழைக் காலம், மெஷினை நனையவிடாதீர்கள். அண்ணிக்கு ஸலாம்.

உங்கள் தங்கை,
வஹீதா